மூச்சுக் கணக்கு – 8: அறுபத்தொன்றும் பதினெட்டும்

இதுவரை: சைக்கிள் நகரம் என்று பெயரெடுத்த புனே, 1960-களில் பிம்ப்ரி, சிஞ்ச்வட் பக்கம் தொழிற்சாலைகள் எழுந்ததும் மாறத் தொடங்கியது. அகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரானது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு ஒருநாள் வண்டி கிடைத்தது. சைக்கிள்கள் சாலையோரம் ஒதுங்கின. எண்ணெயும் பெட்ரோலும் கலந்து எரிந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் நீலப்புகை ஊரின் அடையாளங்களில் ஒன்றாகிப்போனது. குன்றுகளுக்கு நடுவே கிடக்கும் ஊர் இது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அப்படியே தங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். உள்ளே எழுந்த புகை உள்ளேயே கிடக்கும். போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

இந்த வாரம் கதை புனேயில் தொடங்கவில்லை. டெல்லியில் தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு

2002 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.என்.கிர்பால் தலைமையிலான அமர்வு, டெல்லியின் காற்று மாசு குறித்து வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் தன் பொறுமை தீர்ந்துவிட்டதைச் சொல்லியது.

டெல்லியின் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி. எரிவாயுவுக்கு மாறிவிட வேண்டும் என்று அந்த நீதிமன்றம் 1998 ஜூலையிலேயே உத்தரவு போட்டிருந்தது. கெடு வந்தது, போனது. மறுபடி கெடு, மறுபடி அவகாச மனு. எரிவாயு போதாது என்றார்கள். நல்ல டீசல் இருக்கும்போது எரிவாயு எதற்கு என்றார்கள். அன்று நீதிமன்றம் டீசல் பஸ்களுக்கு நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதம் போட்டது. முப்பது நாள் கழிந்தால் அது 1,000 ரூபாய். மே முதல் தேதியிலிருந்து மாதம் 800 டீசல் பஸ்களைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும் என்றது.

இதெல்லாம் டெல்லி சமாச்சாரம். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. ஆனால் அதே தீர்ப்பில், காற்று கெட்டுப்போன மற்ற ஊர்களுக்கும் எரிவாயு கொடுக்கக் கால அட்டவணை போடுங்கள் என்று மத்திய அரசுக்கு ஒரு கட்டளை இருந்தது. ஆக்ரா, லக்னோ, ஜரியா, கான்பூர், வாரணாசி, ஃபரிதாபாத், பாட்னா, ஜோத்பூர். அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் புனே.

கங்கைச் சமவெளிக்கும் பாலைவன விளிம்புக்கும் நிலக்கரிப் பூமிக்கும் நடுவில், ஓய்வுபெற்றவர்கள் நல்ல காற்றுக்காகக் குடிவரும் ஊர் என்று பேர்வாங்கிய புனே!

அந்த எரிவாயு வந்துசேரப் பிறகும் ஆண்டுகள் பிடித்தன. அதை விநியோகிக்க வேண்டிய மகாராஷ்டிரா நேச்சுரல் கேஸ் நிறுவனமே 2006-ல்தான் உருவானது. நம் கதைக்கு அதைவிட முக்கியமான வேறொன்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஒரு புனேக்காரர்.

மஷேல்கரின் கேள்வி

ரகுநாத் மஷேல்கர் கோவாவின் மஷேல் கிராமத்தில் பிறந்தவர். 1989 முதல் 1995 வரை புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநர். பிறகு டெல்லி சென்று அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர். டெல்லி எரிவாயுச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, 2001 செப்டம்பரில், நாட்டுக்கே ஒரு வாகன எரிபொருள் கொள்கை வகுக்க மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் மஷேல்கர்.

குழுவின் இடைக்கால அறிக்கை சுருக்கமாகச் சொன்னது இது: எந்த எரிபொருள் என்று அரசு சொல்லக் கூடாது, எவ்வளவு புகை வரலாம் என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றதைத் தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும்.

நீதிமன்றம் இதை ரசிக்கவில்லை. இந்தக் குழுவில் ஒரு டாக்டரோ பொது சுகாதார நிபுணரோ இல்லை, மக்களின் ஆரோக்கியத்தைப் பற்றிய அக்கறையே அறிக்கையில் தெரியவில்லை என்று ஏப்ரல் 5 தீர்ப்பு கடுமையாகவே பேசியது. புனேயின் ஆய்வகத்தை நடத்தியவருக்குக் கண்டனமும், புனேயின் காற்றுக்கு எச்சரிக்கையும் ஒரே தீர்ப்பில் வந்து விழுந்தன.

யார் பக்கம் நியாயம்? டெல்லி விஷயத்தில் நீதிமன்றம் பக்கம்தான் என்பது என் எண்ணம். அங்கே கேட்டுக்கொண்டிருந்தது அவகாசம். கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கும் கேட்டிருப்பார்கள். ஆனால் மஷேல்கர் குழு வேறொரு இடத்தில் சரியான நரம்பைத் தொட்டது. இந்திய நகரங்களின் காற்றில் மிதக்கும் துகளில் வண்டியின் பங்கு எவ்வளவு, அடுப்பின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று நம்பத்தக்க கணக்கு யாரிடமும் இல்லை. வண்டிதான் காரணம் என்று ஒரு தரப்பு சொல்கிறது; இல்லவே இல்லை என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இருவர் கையிலும் இருப்பது ஊகம். முதலில் எண்ணுங்கள் என்றது குழு.

2002 ஆகஸ்டில் இறுதி அறிக்கை. 2003 அக்டோபரில் அது அரசின் கொள்கை. அதன்படி வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 3 தரம் 2005 ஏப்ரலில் பதினொரு நகரங்களுக்கு வந்தது. சென்னை அதில் ஒன்று, புனே இன்னொன்று. கொள்கையின் அந்த இன்னொரு பரிந்துரை, எண்ணிப் பார்க்கும் பரிந்துரை, மெதுவாக நகர்ந்தது. அதற்கு முன்பே வேறு சிலர் புனேக்கு வந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவிலிருந்து வந்தவர்கள்

2003 மார்ச்சில் புனேயின் சில சாலைகளில் வீடியோ கேமராக்கள் முளைத்தன. ஓடும் வண்டிகளைப் படம்பிடித்து, எத்தனை ஸ்கூட்டர், எத்தனை ஆட்டோ, எத்தனை பஸ் என்று பிறகு நிதானமாக எண்ணுவதற்கு. ஜி.பி.எஸ். கருவிகளோடு சிலர் கார்களிலும் ஆட்டோக்களிலும் இருசக்கர வண்டிகளிலும் ஊரைச் சுற்றினார்கள். எங்கே நிற்கிறது, எங்கே சீறுகிறது என்று நொடிக்கு நொடி பதிவானது. புகை என்பது வண்டியின் வயதை மட்டும் பொறுத்ததில்லை, ஓட்டும் விதத்தையும் பொறுத்தது. அதற்காக இந்தப் பாடு. வளரும் நாடுகளின் நகரங்களுக்காக அமெரிக்காவில் உருவாக்கிய ஒரு வாகனப்புகைக் கணிப்பு முறைக்கு இங்கிருந்து தரவு போனது. எண்ணி முடித்ததில் வந்த முதல் சேதி புனேக்காரர்களுக்குச் செய்தியே அல்ல: சாலையில் ஓடுவதில் பாதிக்கும் மேல் இருசக்கர வண்டிகள்.

அடுத்து வந்தது இன்னும் சுவாரசியமான முயற்சி. கலிபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியத்தைச் சேர்ந்தவர்கள், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தினரோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து, புனே வட்டாரத்துக்கென்று ஒரு துகள் உமிழ்வுப் பட்டியல் போட்டார்கள். வண்டி, தொழிற்சாலை என்று பெரிய தலைகளோடு அவர்கள் நிற்கவில்லை. செங்கல் சூளை, பேக்கரி, ஹோட்டல் அடுப்பு, தள்ளுவண்டி அடுப்பு, குடிசைப் பகுதியின் விறகு, தெருமுனையில் எரியும் குப்பை, வயலில் எரியும் தாள், கட்டுமானம், சுடுகாடு. தெருக் கூட்டும்போது எழும் தூசியைக்கூட விடவில்லை.

இந்தப் பட்டியலை முதன்முறை பார்த்தபோது எனக்கு அதன் அடக்கம் பிடித்தது. எரிவது எதுவோ, எழும்புவது எதுவோ, எல்லாம் ஒரே தாளில். ஒரு ஊரின் அன்றாடம் முழுவதும் அதில் இருந்தது. ஆனால் பட்டியல் போடுவதற்கும் பங்கு சொல்வதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண் வேண்டும்: எவ்வளவு எரிகிறது, ஒரு கிலோ எரிந்தால் எவ்வளவு துகள். இந்தியாவுக்கென்று அளந்த இரண்டாவது எண் பல வரிகளுக்கு அப்போது கிடையாது. கடன் வாங்க வேண்டியிருந்தது.

கடன் வாங்கிய எண்களிலேயே பெரியது சாலைப் புழுதிக்கானது. அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். புனேயின் விதி பிறகு அதில்தான் மாட்டியது.

வேதாள் குன்றின் மேல்

புனேயின் மேற்கே கோத்ரூட் பக்கம் வேதாள் டேக்டி என்று ஒரு குன்று. காலையில் நடக்கப் போகிறவர்களின் சொர்க்கம். அதன்மேல் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், ஏ.ஆர்.ஏ.ஐ., 1966-ல் தொடங்கியது. வாகனத் தொழிலும் மத்திய அரசும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம். நாட்டில் ஒரு புதிய வண்டி விற்பனைக்கு வருமுன் அதன் புகையைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இடங்களில் ஒன்று.

மஷேல்கர் குழு கேட்ட எண்ணிக்கை கடைசியில் ஆறு நகரங்களில் நடந்தது. ஒருங்கிணைத்தது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். டெல்லியும் மும்பையும் நீரி நிறுவனத்திடம். பெங்களூர் டெரி என்ற ஆய்வு நிறுவனத்திடம். கான்பூர் அங்குள்ள ஐ.ஐ.டி.யிடம். சென்னை, ஐ.ஐ.டி. மெட்ராஸிடம். புனே, குன்றின் மேலிருந்த ஏ.ஆர்.ஏ.ஐ.யிடம். போதாக்குறைக்கு ஆறு ஊருக்கும் பொதுவாக வண்டிப்புகையின் வேதியியல் அடையாளங்களைத் தயாரித்துத் தரும் வேலையும் ஏ.ஆர்.ஏ.ஐ.க்கே. வண்டி அல்லாத மற்ற மூலங்களுக்கு அதே வேலையைச் செய்தது ஐ.ஐ.டி. பம்பாய்.

புனேயில் ஏழு இடங்களில் கருவிகள் நின்றன. காற்று கொஞ்சம் சுத்தமாக வரும் ஊர்விளிம்பு, குடியிருப்பு, சாலையோரம், தொழிற்பகுதி என்று வகைக்கு வகை. மூன்று பருவங்கள். வடிகட்டித் தாளில் காற்றை உறிஞ்சுவார்கள். முன்னும் பின்னும் எடை போடுவார்கள். வித்தியாசம்தான் அன்றைய தூசி. பிறகு அந்தத் தாளை வேதியியலுக்கு அனுப்புவார்கள். சிலிக்கானும் அலுமினியமும் இருந்தால் மண். கரி இருந்தால் எரிந்த ஏதோ ஒன்று. பொட்டாசியம் கூடினால் விறகோ சருகோ. சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் இருந்தால் எங்கோ வாயுவாகப் புறப்பட்டு வழியிலேயே துகளாக உருமாறியது.

ஆக ஒரே கேள்விக்கு இரண்டு வழிகளில் பதில் தேடினார்கள். ஒன்று கீழிருந்து: தெருத்தெருவாக மூலங்களைக் கணக்கெடுத்துக் கூட்டுவது. இன்னொன்று மேலிருந்து: தாளில் சிக்கிய தூசியைப் பிரித்துப் பார்த்து, யார் அனுப்பியது என்று கண்டுபிடிப்பது. இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினையில்லை.

ஒத்துப்போகவில்லை.

சல்லடையில் இறங்கிய பொடி

கீழிருந்து எண்ணும் முறையில் சாலைப் புழுதியைக் கணக்கிடுவது இப்படி. ஒரு சாலையில் அளவெடுத்த ஒரு துண்டைக் குறித்துக்கொள்வார்கள். அதன்மேல் கிடக்கும் பொடி முழுவதையும் கூட்டியோ வாக்குவம் போட்டோ எடுப்பார்கள். உலர்த்தி, 75 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் சலிப்பார்கள். கீழே இறங்கிய நுண்பொடி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? அதுதான் முதல் எண். அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி எடை எவ்வளவு? அது இரண்டாவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஏ.பி.-42 என்ற கையேட்டில் ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டையும் அதில் போட்டால், ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது எத்தனை கிராம் புழுதியைக் கிளப்பும் என்று விடை வரும். அதை ஊரில் ஓடும் மொத்தக் கிலோமீட்டரால் பெருக்கினால் நகரின் சாலைப் புழுதி.

அழகான வழி. பிரச்சினை அதன் பிறப்பிடத்தில் இருக்கிறது.

அந்தச் சூத்திரம் அமெரிக்கச் சாலைகளில் பிறந்தது. வண்டிகளின் சராசரி எடை சுமார் 1.8 டன்னிலிருந்து 38 டன் வரை இருக்கும் இடங்களுக்கே பொருந்தும் என்று கையேடே எல்லை போட்டிருக்கிறது. புனேயின் லட்சுமி சாலையில் மாலை ஆறு மணிக்கு எது ஓடுகிறது? நூறு, நூற்றிருபது கிலோ எடையுள்ள ஸ்கூட்டர். பக்கத்தில் இன்னொரு ஸ்கூட்டர். நடுவே ஓர் ஆட்டோ. இந்தக் கூட்டத்தின் சராசரியை எடுத்துக்கொண்டு போய் அந்த எல்லைக்குள் நிறுத்த முடியுமா என்பதே சந்தேகம்.

சூத்திரமும் நிலையாக நிற்கவில்லை. 2011 ஜனவரியில் அமெரிக்க முகமை அதைத் திருத்தியது. அதுவரை எடை ஒன்றரை அடுக்காக ஏறிக்கொண்டிருந்தது. திருத்தத்துக்குப் பின் கிட்டத்தட்ட நேர் விகிதம். பொடியின் அடுக்கும் மாறியது. அதே சாலை, அதே வண்டி, அதே பொடி. தெருவைப் பொறுத்து விடை கூடும், குறையும். இந்தியாவின் ஆறு நகர அறிக்கை வெளிவந்தது அதற்கு அடுத்த மாதம், 2011 பிப்ரவரியில்.

நம்மூர் ஆய்வாளர்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேறு சூத்திரம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் இப்படி வந்த ஓர் எண், அச்சில் ஏறியதும், தசம புள்ளியோடு கம்பீரமாக நின்றுவிடுகிறது. படிக்கும் அதிகாரிக்கு அதன் பின்னால் இருக்கும் துடைப்பமும் சல்லடையும் தெரிவதில்லை.

அறிக்கை சொன்னது

புனே நாளொன்றுக்குக் காற்றில் கலக்கும் பி.எம்.10 துகள், அதாவது பத்து மைக்ரானுக்கு உட்பட்ட துகள், சுமார் 32 டன். அதில் சாலைப் புழுதி சுமார் 61 சதவீதம். வண்டிகளின் புகைக்குழாய் சுமார் 18 சதவீதம். தொழிற்சாலை, அடுப்பு, சூளை, குப்பை, கட்டுமானம் எல்லாம் மீதியைப் பங்கிட்டுக்கொண்டன.

வாகனத் தொழிலின் கைபட்ட நிறுவனம் எண்ணியது; வண்டி தப்பித்தது, மண் மாட்டியது. சந்தேகப்படத் தோன்றும். ஆனால் அவசரப்பட வேண்டாம். சென்னையை எண்ணியவர்கள் வாகனத் தொழிலோடு சம்பந்தமில்லாத ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர்கள். அங்கே சாலைப் புழுதியின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல் வந்தது. டெல்லியிலும் பாதிக்கு மேல். பெங்களூர்தான் விலகி நின்றது: அங்கே வண்டிகள் சுமார் 42, சாலைப் புழுதி சுமார் 20. சதி என்று சொல்ல இங்கே இடமில்லை. சூத்திரத்தின் சாய்வு என்று சொல்ல நிறையவே இடமிருக்கிறது.

அதைவிட வினோதம் மொத்தத்தில் இருந்தது. சென்னையின் பி.எம்.10 நாளொன்றுக்குச் சுமார் 11 டன் என்று வந்தது. புனே 32, சென்னை 11! மக்கள்தொகையிலும் வண்டிகளிலும் சென்னை அப்போது புனேக்குக் குறைந்த ஊரா? அண்ணா சாலையில் ஒரு மணி நேரம் நின்றவர் யாரும் இதை நம்பமாட்டார். எந்தப் பரப்பை எண்ணினார்கள், எந்தச் சாலையைக் கூட்டினார்கள், எதை விட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒரு நகரின் தூசி மூன்று மடங்கு வித்தியாசப்படும் என்றால், அந்தக் கணக்கை வைத்து ஊர்களை ஒப்பிடுவது வீண். ஒரு ஊருக்குள் பங்கு பிரிப்பதில் கொஞ்சம் பயன் இருக்கலாம். அதுவும் ஜாக்கிரதையாக.

இனி மேலிருந்து பார்த்த கணக்கு. தாளில் சிக்கிய தூசியைப் பிரித்தபோது, பெரிய துகளில் மண் ஆட்சி செய்தது உண்மை. ஆனால் 2.5 மைக்ரானுக்குக் கீழ் இறங்கியதும் ஆட்டம் மாறியது. ஆறு நகரங்களிலும் நுண்துகளில் எரிந்தவை முன்னுக்கு வந்தன: வண்டிகள், ஜெனரேட்டர்கள், குப்பை, வீட்டு அடுப்பு. கூடவே வாயுவிலிருந்து பிறந்த சல்ஃபேட்டும் நைட்ரேட்டும். இந்தக் கடைசி இரண்டும் கீழிருந்து எண்ணும் பட்டியலில் துகள் என்ற பெயரில் வரவே வராது. புகைக்குழாயை விட்டு வெளியேறும்போது அவை வாயு, வானத்தில்தான் துகள். 18 சதவீதம் என்ற எண்ணில் அவை இல்லை.

சாலைப் புழுதியின் பெரும்பகுதி பருமனானது. ஏ.பி.-42 கையேட்டின்படியே, சாலையிலிருந்து கிளம்பும் பி.எம்.10-ல் கிட்டத்தட்டக் கால் பங்குதான் பி.எம்.2.5. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்வது ஒன்று. நுரையீரலின் காற்றுப்பைகள்வரை போய் இரத்தத்தின் கரையில் நிற்பது இன்னொன்று. எடை போட்டால் முதலாவது ஜெயிக்கிறது. உயிரைக் கணக்கிட்டால் இரண்டாவது.

அந்த நேரத்தில்தான் சட்டமும் நுண்துகளைக் கண்டுகொண்டது. 2009 நவம்பரில் வந்த தேசியக் காற்றுத்தர விதி, பி.எம்.10-க்கு ஆண்டுச் சராசரி 60 மைக்ரோகிராம் என்று வைத்ததோடு, முதல்முறையாக பி.எம்.2.5-க்கும் 40 என்று எல்லை போட்டது. ஆனால் அதை அளக்கும் கருவிகள் அப்போது ஊருக்கு ஒன்றோ இரண்டோகூட இல்லை. அளக்க முடிந்தது பருமனான தூசி. ஆகவே பேசப்பட்டதும் அதுவே.

யாருடைய புழுதி?

இந்த அத்தியாயத்தின் திருப்புமுனை எது என்று கேட்டால், 61-க்கும் 18-க்கும் நடுவே விழுந்த கோடு என்பேன்.

சாலையில் கிடக்கும் பொடி தானாக எழுவதில்லை. அதை எழுப்புவது டயர். சூத்திரத்திலேயே அது இருக்கிறது: வண்டி ஓடிய கிலோமீட்டரால் பெருக்காமல் புழுதி வராது. அந்தப் பொடிக்குள்ளும் மண் மட்டுமா இருக்கிறது? தேய்ந்த டயர், பிரேக்கின் தூள், மொஷியிலும் வாகோலியிலும் உடைத்த கல்லை ஏற்றிப்போன லாரி சிந்தியது, குழாய் போடத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம், தார் போடாத சாலை விளிம்பு, அடுக்குமாடி கட்டும் இடத்திலிருந்து சக்கரத்தோடு வந்த சேறு. வண்டி ஓட்டம் பாதியாகக் குறைந்தால் 18-ம் குறையும், 61-ம் குறையும். இரண்டுக்கும் பெயர் போக்குவரத்துதான்.

ஆனால் அறிக்கையில் அவை இரண்டு வரிகள். முதல் வரியைச் சரிசெய்ய ஒரு இயந்திரம் வாங்கினால் போதும். இரண்டாவதைச் சரிசெய்ய பஸ் வாங்க வேண்டும், பஸ்ஸுக்கு வழி விட வேண்டும், ஸ்கூட்டரில் போகிறவரைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பஸ்களுக்கென்றே ஒதுக்கிய நாட்டின் முதல் பி.ஆர்.டி. தடத்தை 2006 டிசம்பரில் காத்ரஜ், ஸ்வார்கேட், ஹடப்ஸர் பாதையில் திறந்ததே புனேதான். அந்தத் தடத்துக்கு எழுந்த எதிர்ப்பை நினைத்தாலே எந்த அதிகாரிக்கும் துடைப்பம் இனிக்கும்.

மண் தேர்தலில் ஓட்டுப் போடாது. ஸ்கூட்டர் வைத்திருப்பவர் போடுவார்.

2018-ல் புனேயில் பதிவான வண்டிகள் 36 லட்சத்தைத் தாண்டின. நகரின் மக்கள்தொகை அப்போது சுமார் 35 லட்சம். கைக்குழந்தையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அடுத்த ஆண்டு, 2019 ஜனவரியில், மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தை அறிவித்தது. துகள் மாசை 20 முதல் 30 சதவீதம் குறைப்பது முதல் இலக்கு. பிறகு அது 40 ஆக உயர்ந்தது. தரம் தவறிய நகரங்களின் பட்டியலில் புனே இருந்தது. பணம் வந்தது. முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது? பி.எம்.10 கொண்டு.

இதற்குப் பிறகு நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாடு முழுக்க நகராட்சிகள் சாலை கூட்டும் இயந்திரமும் தண்ணீர் பீய்ச்சும் லாரியும் வாங்கின. அறிவியல், சுற்றுச்சூழல் மையம் என்ற டெல்லி அமைப்பு 2024 ஜூலையில் செலவைப் பிரித்துப் பார்த்தது. திட்டப் பணத்தில் 64 சதவீதம் சாலைப் புழுதிக்கு. விறகு, சருகு, குப்பை எரிப்பைக் கட்டுப்படுத்த சுமார் 14.5. வண்டிகளுக்கு 12.6. தொழிற்சாலைக்கு 0.6.

அறுபத்தொன்று, அறுபத்து நான்கு. தூசியின் பங்கும் பணத்தின் பங்கும் இவ்வளவு நெருக்கமாக வந்தது தற்செயலாகவும் இருக்கலாம். நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. எந்த எண்ணை முதலில் அச்சிடுகிறோமோ அதற்குத்தான் ஊழியர்கள் செலவுக் கணக்கு எழுதுவார்கள்.

பாஷாணில் இன்னொரு கணக்கு

வேதாள் குன்றிலிருந்து வடக்கே சற்றுத் தள்ளி, பாஷாணில் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இருக்கிறது. 1962-ல் தொடங்கியது. பருவமழையைப் படிக்கப் பிறந்த இடம். அங்கே குஃப்ரான் பேக் என்ற விஞ்ஞானி தலைமையில் ஒரு குழு, 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியின் காற்றை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் ஸஃபர் என்ற அமைப்பை உருவாக்கியிருந்தது. 2013-ல் அதைச் சொந்த ஊருக்கும் கொண்டுவந்தார்கள்.

நாளைய காற்றைச் சொல்ல வேண்டுமானால் இன்றைக்கு எங்கிருந்து எவ்வளவு புகை எழுகிறது என்று தெரிய வேண்டும். ஆகவே மறுபடியும் எண்ணிக்கை. இம்முறை கல்லூரி மாணவர்கள் குறிப்பேடுகளோடு சந்திப்புகளிலும் குடிசைப் பகுதிகளிலும் தள்ளுவண்டிகளின் பக்கத்திலும் நின்றார்கள். இந்த எண்ணிக்கையின் கண் முதலிலேயே 2.5 மைக்ரான் மேல் இருந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2019-20-ல், அதே ஊரை அதே குழு மறுபடி எண்ணியது. ஆகவே பங்கு மட்டுமில்லாமல் போக்கும் தெரிய வழி பிறந்தது.

இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் எரிவாயு ஆட்டோக்கள் வந்துவிட்டன. 2019 பிப்ரவரியில் மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6. எரிபொருளில் கந்தகம் பத்து பி.பி.எம்.முக்கு இறங்கியது. ஒவ்வொரு வண்டியும் முன்பைவிடச் சுத்தம். ஆனால் வண்டிகள் பெருகின. ஊர் ஹிஞ்ஜவடியையும் சாக்கனையும் நோக்கிப் பரந்தது. ஓடும் தூரம் நீண்டது.

மண்ணை ஒதுக்கிவிட்டு நுண்துகளை மட்டும் எண்ணியபோது, பட்டியலின் தலையில் வந்து நின்றது யார்? ஏழு ஆண்டில் வண்டி சுத்தமானது முந்தியதா, வண்டி பெருகியது முந்தியதா? அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சி அடுத்து வாங்கியது எதை?

(அடுத்த வாரம்)